ஓட்டல் புள்ளிகளில் கரீபியன் விடுதி: தம்பதியர் கவனிக்க வேண்டியவை

ஓட்டல் நிறுவனங்களின் வெகுமதிப் புள்ளிகளைக் கொண்டு கரீபியன் கடற்கரையில் தங்க விரும்பும் தம்பதியர், அறைக்குரிய புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால், மிச்சப்படுத்திய பணம் உணவிலும் கூடுதல் கட்டணங்களிலும் கரைந்துவிடக்கூடும்.

உணவு யார் செலவு?

ஹயாத் குழுமத்தின் ஜிவா, ஜிலாரா விடுதிகளில் இருவருக்கான உணவும் பானங்களும் அறைக்குச் செலுத்தும் புள்ளிகளிலேயே அடங்கிவிடுகின்றன. ஜிலாரா பெரியவர்களுக்கு மட்டுமானது. ஜிவாவில் குழந்தைகளுக்கும் அனுமதி உண்டு. ஜமைக்காவின் ரோஸ் ஹால், டொமினிக்கன் குடியரசின் கேப் கானா ஆகிய இடங்களில் இரண்டும் அருகருகே அமைந்துள்ளன. அமைதியை நாடும் தம்பதியருக்கு ஜிலாரா பொருத்தமானது.

அறை மட்டும் வழங்கும் விடுதிகளில் உணவுக்குத் தனியே பணம் செலுத்த வேண்டும். தீவுகளில் உணவுப் பொருட்களில் பெரும்பகுதி இறக்குமதியாவதால் விலையும் அதிகம்.

கட்டணமும் சலுகையும்

முழுவதும் புள்ளிகளில் தங்குவோரிடம் ஹயாத், ஹில்டன் நிறுவனங்கள் ரிசார்ட் கட்டணம் வசூலிப்பதில்லை. மேரியட் விடுதிகளில் இக்கட்டணம் பொதுவாக உண்டு. எனினும், அங்கு தொடர்ந்து 5 இரவுகள் தங்க 4 இரவுகளுக்கான புள்ளிகள் போதும்.

எப்போது செல்லலாம்?

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அபாயம் அதிகம். வெனிசுவேலா கரையை ஒட்டிய அருபா தீவு, புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே உள்ளது. மேற்கண்ட மூன்று குழுமங்களுக்கும் அத்தீவின் பாம் பீச் பகுதியில் விடுதிகள் உள்ளன.

பிற தீவுகளுக்குப் புயல் மாதங்களில் முன்பதிவு செய்வோர், புள்ளிகளை இழக்காமல் ரத்து செய்வதற்கான கடைசி நாளை முன்னரே அறிந்துகொள்வது அவசியம்.