வைஃபைப் பெட்டிகளுக்கு ஒரே பெயர் வேண்டுவது ஏன்?

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் சென்றிருந்தோம். நூல் சிப்பங்களின் எடையைக் கைப்பேசியில் பதிந்துகொண்டே குமாஸ்தா கிடங்கிலிருந்து காரியாலயத்திற்கு நடந்து வந்தார். முற்றத்தின் நடுவில் தொடர்பு அறுந்தது, பதிவும் போயிற்று. அவர் திரும்பிச் சென்று முதலிலிருந்து தொடங்கினார். நூல் வாங்க வந்திருந்த அங்கத்தினர்களுக்கோ தறியில் கழியவேண்டிய பாதி நாள் திண்ணையில் கழிந்தது. நாள்தோறும் இதே கதை என்றார்கள்.

அங்கே வைஃபைப் பெட்டிகள் இரண்டு, இரண்டும் பழுதற்றவை. ஒன்றுக்குக் 'காரியாலயம்' என்றும், மற்றதற்குக் 'கிடங்கு' என்றும் பெயரிட்டிருந்தார்கள். பார்வைக்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் வினை அங்கேதான் தொடங்கியது.

கைப்பேசி ஒரு வைஃபை வலையைப் பெயரைக் கொண்டே அறிகிறது. இப்பெயருக்கு எஸ்.எஸ்.ஐ.டி. என்பது வழக்கு. பெயர் வேறானால் அதன் கணக்கில் வலையும் வேறு. ஆகவே பழைய தொடர்பு முற்றிலும் தேயும்வரை அதையே பற்றிக்கொண்டு, பிறகு புதியதைத் தேடுகிறது. பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகிய மூன்றும் இரு பெட்டிகளிலும் ஒன்றாயிருந்தால், இரண்டையும் ஒரே வலையின் இரு வாயில்களாகக் கொண்டு தானே மாறிக்கொள்ளும். ஒரே பெயரால் குழப்பம் நேராதோ என்ற ஐயம் வேண்டா. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியான உள்முகவரி உண்டு; கைப்பேசி அதைக்கொண்டு பிரித்தறியும். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினாலும், ஓர் இடைவெளி கூடினாலும், அது வேறு பெயரே. ஒன்றில் டபிள்யூ.பி.ஏ. 2 மட்டும், மற்றதில் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்றிருப்பதும் ஆகாது.

பெயர் ஒன்றாக வேண்டும் என்றதும், சானலையும் ஒன்றாக வைத்துவிடுவோர் உளர். அது தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சானல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஒரு பெட்டியின் அலையோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைக்கும். எனவே அருகருகே உள்ள பெட்டிகளுக்கு 1, 6, 11 என எண்களைப் பகிர்ந்தளித்தால் ஒன்றோடொன்று மோதா.

எப்பொழுது மாறுவது என்பதைப் பெரும்பாலும் கைப்பேசியே முடிவு செய்கிறது. ஐபோனை எடுத்துக்கொண்டால், பெறும் அலையின் வலிமை மைனஸ் 70 டி.பி.எம். அளவிற்குக் கீழே இறங்கிய பின்னரே அது வேறு பெட்டியை நாடும் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்துள்ளது. பெட்டியின் வலிமையை உச்சத்தில் வைத்தால் தொலைவிலும் அலை அந்த அளவிற்கு இறங்காது. கைப்பேசியும் அருகிலுள்ள நல்ல பெட்டியை விட்டுத் தூரத்துப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை அறியாமல் மேலும் வலிமையான பெட்டி வாங்கச் சங்கப் பணத்தைச் செலவிடுவது வீண். வலிமையைச் சற்றுக் குறைப்பதே பல இடங்களில் மருந்து.

நாம் கண்ட சங்கத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. இரு பெட்டிகளும் ரௌட்டராகவே இயங்கித் தனித்தனியே முகவரி வழங்கின. இந்நிலையில் பெயரை மட்டும் ஒன்றாக்கியிருந்தால் பயனில்லை; வாயில் மாறியதும் முகவரி மாறித் தொடர்பு அறுந்தே தீரும். முகவரி வழங்கும் வேலை ஒரு ரௌட்டருக்கே உரியது. மற்றதை அக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிக் கம்பிவழி அதனோடு இணைக்கவேண்டும்.

802.11 ஆர் என்னும் விரைவு மாற்ற முறை 2008ஆம் ஆண்டில் தரமாக வகுக்கப்பட்டது. இரு பெட்டிகளிலும் அது இருப்பின் உபயோகிக்கலாம். சில பழைய கருவிகள் அதனோடு இணைய மறுப்பதும் உண்டு. விருந்தினருக்குத் தனிப்பெயர் வைப்பதில் தவறில்லை. கணக்குக் கருவிகள் அதில் சேராமலிருந்தால் போதும்.

அச்சங்கத்தில் இவ்வளவையும் திருத்த ஒரு மாலைப்பொழுது பிடித்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. பின்னர் குமாஸ்தா கைப்பேசியில் வீடியோ அழைப்பைத் தொடங்கிக் கிடங்கிற்கும் காரியாலயத்திற்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார். முதல் முறை அறுந்தது. கைப்பேசியில் தங்கியிருந்த பழைய பெயர்கள் இரண்டையும் நீக்கிவிட்டு மறுமுறை நடந்தபோது அறவில்லை.