எட்டு ஜி.பி.க்கு ஐம்பது டாலர்: சிறிய டேப்லெட்டுகளின் விலைக் கணக்கு

கூகுள் நிறுவனத்துக்காகத் தைவானின் ஏசஸ் தயாரித்து, 2012 ஜூன் 27 அன்று அறிமுகமான ஏழு அங்குல நெக்சஸ் 7 டேப்லெட்டின் 8 ஜி.பி. வகைக்கு 199 டாலரும், 16 ஜி.பி. வகைக்கு 249 டாலரும் விலை வைக்கப்பட்டன. திரை, மின்கலம், செயலி என மற்றவை அனைத்தும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததால், 50 டாலர் வித்தியாசம் முழுவதும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு, அதாவது மின்சாரம் நின்ற பிறகும் தரவுகளை இழக்காமல் வைத்திருக்கும் சில்லுக்கு உரியது.

மின்னணுக் கருவிகளைப் பிரித்து ஒவ்வோர் உதிரிபாகத்தின் விலையையும் மதிப்பிடும் ஐஎச்எஸ் ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், 8 ஜி.பி. வகையின் செலவை 151.75 டாலர் என்றும் 16 ஜி.பி. வகையின் செலவை 159.25 டாலர் என்றும் கணித்தது. மென்பொருள் உருவாக்கம், விளம்பரம், போக்குவரத்து, விற்பனையாளரின் பங்கு ஆகியவை இத்தகைய மதிப்பீடுகளில் சேர்வதில்லை என்பதால், விலைக்கும் இந்தத் தொகைக்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே இலாபம் ஆகிவிடாது. ஆனால் அந்தச் செலவுகள் எல்லாம் இரு வகைகளுக்கும் பொதுவானவை. கொள்ளளவு இரட்டிப்பாவதால் மட்டும் கூடிய செலவு ஏழரை டாலரே. நினைவகச் சில்லின் உறைக்குள் மெல்லிய சிலிக்கான் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிவதால், கொள்ளளவைப் பெருக்குவதற்குத் தாய்ப்பலகையையோ தொழிற்சாலையின் பூட்டும் வேலையையோ மாற்ற வேண்டியதில்லை.

ஏழரை டாலருக்கு ஐம்பது டாலர் கேட்கப்படுவதைப் பொருளியல் விலைப் பாகுபாடு என்கிறது: ஏறக்குறைய ஒரே பொருளை, வாங்குவோரின் செலவழிக்கும் விருப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறு விலைகளில் விற்பதே அது. விளம்பரத்தில் பெரிதாக அச்சாகும் 199 டாலர் வாங்குவோரைக் கடைக்குள் அழைத்துவர, திரைப்படங்களையும் விளையாட்டுகளையும் கருவியிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் கூடுதல் தொகையால் நிறுவனத்தின் வரவை உயர்த்துகின்றனர். 8 ஜி.பி. என்று குறிக்கப்பட்ட கருவியில் இயங்குதளம் பிடித்துக்கொண்டதுபோகப் பயனருக்கு 6 ஜி.பி.க்கும் குறைவாகவே மிஞ்சியதும், நினைவக அட்டை செருகும் துளை இல்லாததும் உயர்ந்த வகையை நோக்கி அவர்களை மேலும் தள்ளின. பயன்படுத்தக்கூடிய அளவைப் பெட்டியின் மேல் அச்சிடாமல் மொத்த அளவை மட்டும் அச்சிடுவது, எளிய வருவாயில் கருவி வாங்கும் குடும்பங்களுக்கு நேர்மையான செயல் அன்று.

அமேசானின் வழி வேறு. 2011இல் 199 டாலருக்கு வந்த 8 ஜி.பி. கிண்டில் ஃபயரின் தயாரிப்புச் செலவை அதே ஆய்வு நிறுவனம் 201.70 டாலராக மதிப்பிட்டது. கருவிகளை அடக்க விலைக்கே விற்பதாக அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸும் 2012இல் வெளிப்படையாகக் கூறினார். அங்கே வருவாய், கருவி கைமாறிய பிறகு விற்கப்படும் மின்னூல்கள், காணொளிகள் ஆகியவற்றிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆப்பிளோ கருவியிலேயே இலாபத்தை எதிர்பார்த்து, 2012 நவம்பரில் விற்பனைக்கு வந்த 16 ஜி.பி. ஐபேட் மினிக்கு 329 டாலர் விலை வைத்து, கொள்ளளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும் 100 டாலர் கூட்டியது.

ஐபேட் மினி அறிவிக்கப்பட்ட சில நாள்களில், அக்டோபர் 29 அன்று, கூகுள் 8 ஜி.பி. வகையைக் கைவிட்டு, 16 ஜி.பி. நெக்சஸை 199 டாலருக்கு இறக்கி, 32 ஜி.பி. வகையை 249 டாலருக்குக் கொண்டுவந்தது. படியின் விலை 50 டாலராகவே நிற்க, அந்தத் தொகைக்குக் கிடைத்த நினைவகம் 8 ஜி.பி.யிலிருந்து 16 ஜி.பி. ஆனது, அதே 16 ஜி.பி. கூடுதலுக்கு ஆப்பிள் அப்போதும் 100 டாலர் பெற்றுவந்தது.