பிள்ளைகளின் தாடையில் வளரும் கட்டிகள்



பிள்ளையின் தாடையில் கட்டி என்றதும் பெற்றோர் வார்டில் எங்களிடம் முதலில் கேட்பது, "புற்றுநோயா ஐயா?" என்பதே. பிள்ளைகளுக்கு வரும் தாடைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் அப்படியே விட்டுவிட்டால் அது எலும்பை உள்ளிருந்தே மெல்லிய ஓடாக்கி, முகத்தைக் கோணலாக்கிவிடும்.

பால்பற்கள் 20, நிரந்தரப் பற்கள் 32. இத்தனையும் உருவாகும் இடம் தாடை என்பதால், பல்லை உண்டாக்கும் திசுக்களிலிருந்தே இக்கட்டிகளில் பல தோன்றுகின்றன. ஓடோன்டோமா எளிதானது. பல்லின் பொருளே ஒழுங்கின்றித் திரண்டு, நிரந்தரப் பல்லை முளைக்கவிடாமல் தடுக்கும். எடுத்துவிட்டால் திரும்புவது அரிது. அமெலோபிளாஸ்டோமா அப்படியன்று. பெரும்பாலும் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் மெதுவாக, வலியின்றி வளரும். வலியில்லாததே இதன் வஞ்சகம். பல் வீக்கம் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தும், ஆடுகிற பல்லைப் பிடுங்கியும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

எக்ஸ்ரே படம் கட்டியின் அளவைக் காட்டும். இன்ன கட்டியென்று அறுதியிட, சிறிது சதையெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே ஆகவேண்டும். அதில் இராட்சத செல்கள் தென்பட்டால் இரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சோதிக்கப்படும். கழுத்திலுள்ள அந்தச் சுரப்பியின் கோளாறும் தாடையில் இதே தோற்றமுள்ள கட்டியை உண்டாக்கும்; அப்போது முதலில் வைத்தியம் சுரப்பிக்கே.

சிகிச்சையில்தான் மருத்துவர்களுக்குத் தர்மசங்கடம். தாடையை அகலமாக வெட்டியெடுத்தால் அமெலோபிளாஸ்டோமா திரும்பும் வாய்ப்புக் குறையும். ஆனால் வளரும் பிள்ளையின் முகமும் பற்களும் பாதிக்கப்படும். ஆகையால் ஒற்றை நீர்ப்பை போன்ற வகையில், பல வேளைகளில், துவாரமிட்டுச் சிறு குழாய் பொருத்துகிறார்கள். தாய் வீட்டிலேயே தினமும் உப்புநீரால் அதைக் கழுவவேண்டும். சில மாதங்களில் பை சுருங்கி, சுற்றிலும் புதிய எலும்பு வளரும். பிறகு மீதியைச் சுரண்டி எடுப்பார்கள். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாய்மார் சிரிஞ்சைப் பிடிக்கப் பழகிவிடுவதைக் கண்டிருக்கிறோம்! கட்டி மிகவும் பரவியிருந்தால் வெட்டியெடுத்து, இடுப்பெலும்பையோ முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பையோ வைத்துத் தாடையைச் சீரமைக்கிறார்கள். இக்கட்டிகள் பலவற்றில் பிராஃப் என்னும் மரபணு மாறியிருப்பது 2014-ல் தெரியவந்தது. அதற்கான மாத்திரைகள் ஆராயப்பட்டு வருகின்றன.

பத்தாண்டு கழித்தும் இது திரும்பக்கூடும். ஆகவே பல ஆண்டுகள் தவறாமல் வந்து படம் எடுத்துப் பார்க்கவேண்டும். வீக்கம் வடிந்து பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ்ஸேறி வர எந்தத் தகப்பனும் தயங்குவான். நீங்கள் அனுப்பும் உதவியில் ஒரு பகுதி இந்தப் பஸ் கட்டணத்துக்கும் எக்ஸ்ரே செலவுக்கும் போகிறது.