எலும்புக்குள் ஒரு முப்புரிக் கயிறு

டிசம்பர் குளிர் இறங்கிவிட்டால் ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் வாசம் வராத வாரம் கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, குக்கரில் விசில் மேல் விசில் விட்டு இறக்குவோம். மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் சூப் இருக்காது. அதே பாத்திரத்தில் பழுப்பு நிறக் கட்டி ஒன்று, கரண்டியால் தட்டினால் தளதளவென்று ஆடும். அடுப்பில் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் மறுபடி சூப்.

அந்தக் கட்டி ஜெலட்டின். ஆட்டின் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருந்த கொலாஜன் என்ற புரதம், கொதியில் அவிழ்ந்து வந்த உருவம் அது. நம் உடம்பில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். நாம் நிற்கிறோம், நடக்கிறோம், தோல் கிழியாமல் இருக்கிறோம் என்றால் அதன் தயவு. அது எந்த விசையால் கட்டுண்டு நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிய கதை லண்டனுக்கும் சென்னைக்கும் நடுவே நடந்தது. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கிங்ஸ் கிராஸ். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிரிட்டிஷ் நூலகம். 1215-ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டாவின் எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் இரண்டு இந்த நூலகத்துக்குச் சொந்தம். எழுதப்பட்டது காகிதத்தில் அல்ல, பதப்படுத்திய ஆட்டுத்தோலில். அதாவது கொலாஜனில்.

1731 அக்டோபர் 23 அன்று, வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பிடித்தது. ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்துவைத்த அரிய சுவடிகள் அங்கே இருந்தன. ஜன்னல் வழியே வீசி எறிந்துதான் பலவற்றைக் காப்பாற்றினார்கள். மேக்னா கார்ட்டா பிரதிகளில் ஒன்று அந்தத் தீயில் சிக்கியது. அதன் முத்திரை உருகிப்போனது. ‘காட்டன் ஜெனிசிஸ்’ என்ற பழைய கிரேக்கச் சித்திரச் சுவடியின் கதி அதைவிட மோசம். எரிந்தது போக எஞ்சிய ஏடுகள் சுருங்கி, கருகிய துண்டுகளாகிவிட்டன.

காகிதம் தீயில் சாம்பலாகும். தோல் மட்டும் ஏன் சுருங்குகிறது? ஆட்டுக்கால் கொதிக்கும்போது நடப்பதும் ஆஷ்பர்ன்ஹாமில் நடந்ததும் அடிப்படையில் ஒன்றே. கொலாஜனில் நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரம் அமினோ அமிலங்கள் வரை வரிசையாகக் கோத்திருக்கும். கண்ணிகளை இணைப்பவை வலுவான பிணைப்புகள். கொதிக்கிற தண்ணீர் அவற்றை அவ்வளவு எளிதில் அறுத்துவிடாது. ஆனால் சங்கிலியோடு சங்கிலியைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய விசைகள். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் பலம் கண்ணிப் பிணைப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சூடு ஏற ஏற அவை ஒவ்வொன்றாக விட்டுவிடும். நீட்டி நிமிர்ந்து நின்ற சங்கிலிகள் நூல்பந்துபோல் சுருண்டுகொள்ளும். ஈரத்தோல் என்றால் 60 டிகிரி சொச்சத்திலேயே இது நடந்துவிடும்.

அந்தச் சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது 1950-களின் தொடக்கத்தில் பெரிய புதிர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜான் ராண்டால் தலைமையில் ஒரு குழுவே கொலாஜனைத் துருவிக்கொண்டிருந்தது. ரோசலிண்ட் பிராங்க்ளின் வழிகாட்டலில் ரேமண்ட் கோஸ்லிங் 1952 மே மாதம் டி.என்.ஏ.வின் புகழ்பெற்ற 51-ஆம் எண் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்ததும் இதே ஆய்வுக்கூடத்தில்தான். பிராங்க்ளின் பிறகு பர்க்பெக் கல்லூரிக்குப் போனார். அங்கே படிக ஆய்வுக்குத் தலைவர் ஜே.டி. பெர்னால்.

அந்த பெர்னால் 1952-இல் சென்னைக்கு வந்தார். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை அப்போதுதான் ஓர் இளைஞர் ஏற்றிருந்தார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேராசிரியர் பதவியை முதலில் சர் சி.வி. ராமனுக்குத்தான் தர நினைத்தார். ராமன் கைகாட்டியது தன் மாணவரை. கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன், வயது முப்பதுகூட நிறையவில்லை. எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். கொலாஜனுக்கு இதுவரை சொன்ன அமைப்பு எதுவும் திருப்தியாக இல்லை என்று பெர்னால் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கூட வேலை செய்தவர் கோபிநாத் கர்த்தா. கையில் இருந்தவை கங்காரு வால் தசைநாணிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படமும் ஒரு ரசாயனத் தகவலும். கொலாஜனில் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். இருப்பதிலேயே சின்னது கிளைசின்; பக்கவாட்டில் ஒரு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். மூன்றில் ஒன்று என்றால், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி ஓட, நெருக்கடியான நடுப்பகுதியில் கிளைசின் மட்டும் வந்து வந்து உட்கார வேண்டும். வேறு எதற்கும் அங்கே இடமில்லை. 1954 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வெளிவரும் ‘நேச்சர்’ இதழில் இது வந்தது. மறு ஆண்டு அவர்களே அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள்.

தென்னை நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு புரியையும் முதலில் ஒரு பக்கம் முறுக்குவார்கள். மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். புரி அவிழப் பார்த்தால் கயிறு இறுகும். கயிறு அவிழப் பார்த்தால் புரி இறுகும். கொலாஜனிலும் தனிச் சங்கிலி இடப்பக்கம் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கம் சுழல்கிறது. இதில் ஒரே ஒரு கிளைசின் இருக்கும் இடத்தில் பெரிய அமிலம் ஒன்று புகுந்துவிட்டாலும் போதும், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் நோயோடு குழந்தை பிறக்கக்கூடும்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1955-லேயே கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும், கிங்ஸ் கல்லூரியிலிருந்து கோவன், மெக்கேவின், நார்த் மூவரும் தங்கள் அமைப்புகளை வெளியிட்டார்கள். முப்புரிக் கயிறு என்பதில் தகராறு இல்லை. ஆனால் மூன்று அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொன்னது. இங்கிலாந்துக்காரர்கள் ஒன்றுதான் என்றார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

நாற்பது ஆண்டுக்குப் பின், 1994-இல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் கொலாஜன் போன்ற ஒரு மூலக்கூறைப் படிகமாக்கி நேரே பார்த்தார்கள். நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். ஆனால் சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாகக் கைகோத்து நின்றன. நீரும் இந்தக் கட்டுக்கு உதவுகிறது என்று ராமச்சந்திரன் 1968-லேயே சொல்லியிருந்தார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, “அணுக்கள் இடிக்கின்றன” என்ற குற்றச்சாட்டை அவர் எடுத்துக்கொண்ட விதம். பதிலுக்குச் சண்டைக்குப் போகவில்லை. எவ்வளவு நெருங்கினால் இடிக்கும் என்று உண்மையில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். வி. சசிசேகரனோடு சேர்ந்து, அதுவரை கண்டறிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்கவிடுகிறது என்று பட்டியல் போட்டார். பிறகு சி. ராமகிருஷ்ணன் மேசைக் கணிப்பானில் கணக்குப் போட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு மூட்டுகளில் திரும்பலாம். அந்த இரண்டு கோணங்களையும் ஒரு சதுரத்தில் குறித்துப் பார்த்தால், முக்கால் பாகத்துக்கு மேல் அணுக்கள் மோதிக்கொள்ளும் பகுதி. கால் பாகத்துக்கும் குறைவான இடத்தில்தான் சங்கிலி நிம்மதியாக இருக்க முடியும். 1963-இல் வெளிவந்த இதைத்தான் உலகம் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்கிறது.

இந்த நெருக்கத்தை ஆளும் விசைகள் பற்றி ஒரு வார்த்தை. அணுக்கள் அருகருகே வந்தால் லேசாக ஈர்க்கும். அளவு மீறினால் உதறித் தள்ளும். அந்த ஈர்ப்பில் ஒரு வகைக்கு ‘லண்டன் விசை’ என்று பெயர். இந்த ஊர் லண்டன் அல்ல. 1930-இல் அதை விளக்கிய பிரிட்ஸ் லண்டன் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர். யூதர் என்பதால் ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி ஆக்ஸ்போர்டு, பாரிஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நம் ஊர்ப் பல்லி சுவரில் தலைகீழாக ஓடுவது இந்த வகை விசையால்தான். லட்சக்கணக்கான மயிரிழைகள், ஒவ்வொன்றும் துளித்துளிப் பிடிப்பு. கொலாஜனும் அப்படியே நிற்கிறது: தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத பிடிப்புகள், பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தி.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கப்பல்காரர்கள் அனுபவித்தார்கள். கயிற்றை இறுக்கும் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமிலம் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது இல்லாத கயிறு 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்பின் சூடோ 37. மாதக்கணக்கில் கடலில் பழமே காணாத மாலுமிகளுக்கு ஈறு அழுகியது, ஆறிய புண் திறந்தது. ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். கப்பலுக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு தர லண்டன் கடற்படைத் தலைமை உத்தரவிட்டது 1795-இல். நடுவே 48 ஆண்டுகள்.

கிங்ஸ் கல்லூரியின் நார்த், 1965-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவோடு லைசோசைம் என்ற நொதியின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவர். அதற்குப் பின் ஆயிரம் ஆயிரமாகப் புரத அமைப்புகள் வந்துவிட்டன. புதிதாக எது வந்தாலும், அது சரியா என்று பார்க்க இன்றும் முதலில் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

பிரிட்டிஷ் நூலகத்தின் அரும்பொருள் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. லண்டனில் இருப்பவர்களும் சுற்றுலா வருகிறவர்களும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். பழைய தோல் சுவடிகளுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, எட்டு நூற்றாண்டாக அந்த எழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் தோலுக்குள் மூன்று புரிகள் இருக்கின்றன என்றும், அதைக் கண்டு சொன்னவர்கள் கிண்டியில் வேலை பார்த்தவர்கள் என்றும் சொல்லுங்கள்.