முப்பது பேர் சேர்ந்தால் அது ஸ்கூல்!

அருங்காட்சியகமோ கோளரங்கமோ, ஒரு குடும்பம் கவுன்ட்டரில் போய் நின்று மாணவர் சலுகை கேட்டால் வரும் முதல் கேள்வி: “ஸ்கூல் லெட்டர் இருக்கா?” தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டும். ஹோம் ஸ்கூலிங் பிள்ளைக்கு அம்மாதான் தலைமை ஆசிரியர். அம்மாவிடம் ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது.

சென்னையில் ஹோம் ஸ்கூலிங் குடும்பங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி வாட்ஸ்அப் குழு. பதினைந்து குடும்பம் சேர்ந்தால் முப்பது பிள்ளைகள். வேன் வாடகை பங்காகும், வழிகாட்டிக்குக் கொடுப்பதும் பங்காகும், குழுக் கட்டணம் கேட்டு வாதாடவும் தைரியம் வரும். கணக்கு சரிதான். ஆனால் முப்பது பிள்ளைகள் என்றதும் ஒரே நிறத்தில் தொப்பி வருகிறது. விசில் வருகிறது. ‘லைன்ல நில்லு’ வருகிறது. ஒவ்வொரு கையிலும் ஒர்க்‌ஷீட். ஒரு மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும் என்பதால் பதினொன்றரைக்குள் சிலைக் கூடத்தை ‘முடித்துவிட’ வேண்டும். எதை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தார்களோ, அதையே சனிக்கிழமைகளில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குத் தோழமை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அதற்குத் தெருவும் பூங்காவும் இருக்கின்றன.

இத்தனைக்கும் கடிதம் கேட்காத இடங்கள் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. எந்தப் பள்ளி என்ற பேச்சு அங்கே எழாது, வயதுதான் கணக்கு. மாமல்லபுரத்தில் பெரியவர்கள் டிக்கெட் வாங்கினால் போதும்; ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் இரண்டுக்கும் அதே டிக்கெட். செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது. வேலை நாளில் கிளம்ப முடிவதுதான் இந்தக் குடும்பங்களின் உண்மையான சலுகை. அதை விட்டுவிட்டு ஏன் சனிக்கிழமைக்கு வேன் பிடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பத்திரிகை ஆசிரியர் குழு என்னிடம் கேட்டது ‘பட்ஜெட்டில் பத்து இடங்கள்’ என்ற பட்டியல். பத்து வேண்டாம். ஒரு பாதையைச் சொல்கிறேன், ஒரு மாதத்துக்குத் தாங்கும்; கற்காலக் கருவிகளின் பாதை அது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில், புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு தொடங்கியது அந்தக் கல்லில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அதே அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. செதில் செதிலாகக் கல்லைப் பெயர்த்துச் சிறு கருவிகள் செய்யும் அடுத்த கட்டத் தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டது என்பது 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மீனம்பாக்கத்தில் விமானம் பார்க்கப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள், இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் பல்லாவரத்தில் இப்படி ஒரு சங்கதி இருப்பதையும் சொல்லலாம்.

முதல் நாள் எழும்பூர் அருங்காட்சியகம். ஃபூட் சேகரித்தவை பின்னாளில் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். மற்ற கூடங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு கல்லாயுதங்கள் முன்னால் மட்டும் நிற்கலாம். இதை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் கூர், காம்பு ஏன் இல்லை என்று பிள்ளை கேட்கட்டும்.

அடுத்தது பூண்டி. திருவள்ளூர் வரை லோக்கல் ரயில். 5 வயது நிரம்பி 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். அங்கிருந்து பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் அம்மாவுக்கு அதுவும் இலவசம். 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்தின் பக்கத்திலேயே கற்காலக் கருவிகளுக்கென்று தமிழகத் தொல்லியல் துறை ஒரு சிறிய அகழ்வைப்பகம் வைத்திருக்கிறது. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. கையில் புளிசாதம் இருந்தால் நாள் முழுக்க ஓடிவிடும்.

இந்தக் கருவிகளைச் செய்த மனிதர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? தண்ணீர் ஒரு காரணம், கல் இன்னொன்று. அல்லிக்குளி மலைப் பக்கமிருந்து ஓடைகள் உருட்டிவந்த குவார்ட்சைட் கற்கள் இந்த வட்டாரமெங்கும் கிடக்கின்றன. கடினமான கல், உடைத்தால் கூர்மையான விளிம்பு வரும். இதைப் பேசிக்கொண்டே ஆற்றோரம் நடக்க அரை நாள் பிடிக்கும். முப்பது பேர் போனால் வழிகாட்டி இரண்டு வரியில் சொல்லிவிட்டு “நெக்ஸ்ட்” என்பார். (கல் எதையும் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த கல் ஆய்வாளருக்கு உதவாது.)

நேரம் கையில் இருப்பவர்களுக்கே வாய்க்கும் வேறு இரண்டும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில், தன்னார்வலர்கள் காத்து வளர்த்த பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். முட்டை பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெயில் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பிள்ளை கேட்காமல் இருக்காது. எந்தக் குஞ்சு எந்த நாள் வெளியே வரும் என்று யாரும் தேதி குறிக்க முடியாது. ஆகவே வேன் புக் செய்தும் பயனில்லை.

இன்னொன்று ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்க்க 2019-இல் திறந்த காட்சி மாடத்துக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு மட்டும் வேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டை வரை லோக்கல் ரயிலே போகிறது. அங்கிருந்து சாலை வழி. கவுன்ட்டவுன் நடுவிலேயே நின்று, ஏவுவது தள்ளிப்போவதும் உண்டு. எரிபொருள், வால்வு, காற்று என்று காரணத்தை ரயிலில் பேசிக்கொண்டே திரும்பிவிட்டு, புதிய தேதி அறிவித்ததும் மறுபடி அதே ரயில் பிடிக்க மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு முடியும். வேனுக்கு முன்பணம் கட்டிய பதினைந்து குடும்பங்கள் அன்று மாலை பேசப்போவது ராக்கெட்டைப் பற்றியல்ல, முன்பணம் திரும்ப வருமா என்பதைப் பற்றித்தான்.