வேட்டைப் பையும் காவலர் முதுகும்

முதுகுப்பை வாங்கப் போகிறவர் முதலில் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார், அடுத்து விலையைக் கேட்கிறார். கனத்த சுமைக்குப் பை தேடுபவர் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பை பாரத்தை உடம்பில் எங்கே இறக்குகிறது? இந்தக் கேள்வியை வேறு யாரையும்விடக் கறாராகக் கேட்டவர்கள் வட அமெரிக்க வேட்டைக்காரர்கள். அங்கே வளர்ந்த ஆண் எல்க் மான் ஒன்று 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். சுட்டுவிட்டு இறைச்சியைக் காட்டில் அழுகவிடுவது பல மாநிலங்களில் குற்றம். எனவே எலும்பிலிருந்து பிரித்த இறைச்சியை, ஒரு நடைக்கு 30, 40 கிலோ என்று வண்டி நிற்கும் இடம்வரை பல நடைகளாக முதுகில் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்காகத் தயாராகும் பையில் கெட்டியான சட்டமும், இடுப்பை அணைத்துப் பிடிக்கும் தடித்த பட்டையும், சட்டத்துக்கும் பைக்கும் நடுவே கோணல்மாணலான பொருளைக் கட்டிவைக்க ஓர் இடமும் இருக்கின்றன.

ஓசூர் வனக்கோட்டத்தில் அந்தப் பைக்கு அந்த வேலை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களையே ஒழித்துவிட்டது. ஆனால் வேட்டையைத் தடுக்கப் போகிறவர்களுக்கு அதே பை வேண்டியிருக்கிறது என்பதே என் வாதம். இந்தப் பகுதியில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்துக் காடுகளில் ஜீப் போகும் தடம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நடை. இரவு தங்கி ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு அரிசி, பருப்பு, பாத்திரம், தார்ப்பாய், டார்ச், போர்வை எல்லாம் வேண்டும். கோடையில் ஓடைகள் வற்றிவிட்டால் தண்ணீரையும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, இதில் பேரம் இல்லை. திரும்பும்போது வழியில் அவிழ்த்தெடுத்த சுருக்குக் கம்பிகளும் சேர்ந்துகொள்ளும். வேட்டைக்காரர் இறைச்சியைக் கட்டும் அந்த நடுவிடத்தில் இவர் கம்பிச் சுருளையோ அரிசி மூட்டையையோ கட்டலாம்.

பாரம் ஏன் இடுப்புக்கு இறங்கவேண்டும்? தோள்பட்டை கையை அசைப்பதற்காக அமைந்த மூட்டு, சுமை தாங்குவதற்காக அமைந்ததல்ல. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை தோள்வார் அழுத்தும் இடத்துக்கு அருகிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும், சில வேளை தூக்கவும் வராது. ராணுவ மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே அறிவார்கள். இடுப்பெலும்போ நம் மேலுடம்பின் எடையை ஏற்கெனவே தாங்கிக் காலுக்குக் கடத்திக்கொண்டிருப்பது. அமெரிக்க ராணுவத்துக்காக லாஃபியாண்ட்ராவும் ஹார்மனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சட்டமும் இடுப்புப்பட்டையும் உள்ள பை செங்குத்துப் பாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கீழ்முதுகுக்கும் இடுப்புக்கும் மாற்றியது தெரியவந்தது. விளம்பரங்கள் சொல்வதைவிட இது குறைவுதான். ஆனாலும் 20 கிலோவில் ஆறு கிலோ தோளைவிட்டு இறங்குகிறது என்றால், மேட்டில் ஏறுகிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 1952இல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்கத் தொடங்கிய டிக் கெல்ட்டிக்கும் வழி காட்டியது இந்த உண்மைதான். சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டுகளில் செருகியபோது தோள் இலேசானது என்றும், இடுப்புப்பட்டை அதிலிருந்தே பிறந்தது என்றும் சொல்வார்கள்.

பட்டை மட்டும் இருந்தால் போதாது, அதோடு சட்டமும் வேண்டும். சட்டமில்லாத பையில் பாரம் துணிவழியே தொங்குமே தவிர இடுப்புக்கு வந்து சேராது. கடைகளில் ‘ட்ரெக்கிங் பேக்’ என்று தொங்கும் பலவற்றில் இடுப்பில் இருப்பது ஒரு விரல் அகல நைலான் நாடா. பை ஆடாமல் பிடித்துக்கொள்ள அது உதவும், பாரம் தாங்காது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். பைக்குள் 15 கிலோ அளவுக்கு அரிசியை வைத்துத் தோளில் மாட்டி, இடுப்புப் பக்கிளை இறுக்கிவிட்டுத் தோள்வாரைத் தளர்த்திப் பாருங்கள். பை நின்ற இடத்தில் நின்றால் சட்டம் வேலை செய்கிறது. அடிப்பக்கம் பொதபொதவென்று பிட்டத்தில் வந்து உட்கார்ந்தால் அது வெறும் மூட்டை. காலியான பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து வாங்குவது காசை வீணாக்கும் வழி.

அளவிலும் ஒரு பிழை எல்லோரும் செய்வது. ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை கொடுக்கிறார்கள். பார்க்கவேண்டியது முதுகின் நீளம்: தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை. ஒரே உயரமுள்ள இருவருக்கு இது சில சென்டிமீட்டர் மாறும். அந்தச் சில சென்டிமீட்டரில் பட்டை எலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறிவிடும், மூச்சு முட்டும்.

நம் ஊரில் சும்மாடு வைத்து எவ்வளவு பாரம் சுமந்தோம், எந்தப் பட்டை இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, சான்றும் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதல் ஆற்றல் செலவின்றியே சுமக்கிறார்கள் என்று 1986இல் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை காட்டியது. நெற்றிப்பட்டையால் மூட்டை தூக்கும் நேபாளச் சுமையாட்களில் ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 சதவீதம் சுமப்பதாக 2005இல் ‘சயன்ஸ்’ எழுதியது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பின்னர் நடந்த ஆய்வில், தலைச்சுமையில் பழகிய பெண்களுக்கும் சராசரியாக அந்த ஆற்றல் மிச்சம் கிடைக்கவில்லை; கழுத்தும் வலித்தது. அதைவிட முக்கியமானது இடம். தலைச்சுமை திறந்த வழிக்கு ஏற்றது. உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து நுழைபவருக்கும், யானை நிற்கிறதா என்று இருபுறமும் திரும்பிப் பார்க்கவேண்டியவருக்கும் கழுத்து விடுதலையாக இருக்கவேண்டும்.

யானை என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடும். பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக யானைகள் வரும் வட்டாரம் இது. இடுப்பிலும் மார்பிலும் பூட்டிக்கொண்டால் எப்படி ஓடுவது? பக்கிள் ஒரு கையால், ஒரே அழுத்தில் கழலவேண்டும், நடையில் பழக்கமும் வேண்டும். இதற்குச் சரிவராத பக்கிள் உள்ள பை மற்றபடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் காட்டுக்கு ஆகாது. தலைக்கு மேல் நீண்ட சட்டமும் அப்படித்தான், புதரில் மாட்டும். வியர்வை பற்றிய புகாரில் உண்மை உண்டு. முதுகில் வலைத்துணி வைத்தால் குறையும், தீராது.

நல்ல பை கிடைத்தவுடன் கூடுதலாக ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் எனக்குக் கனமாகப் படும் எதிர்வாதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வளர்ந்த ஆணுக்கு உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது 55 கிலோ. அது ஆள் தூக்கிச் சுமக்கும் எந்தச் சுமைக்கும் பொதுவாக வைத்த எல்லை. நாள் முழுக்க மலை ஏறுபவருக்கான அளவுகோல் அல்ல. நீண்ட நடைக்கு உடலெடையில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ ஆளுக்கு 15 கிலோ. அதற்கு மேற்பட்டதை வேட்டைக்காரரைப்போல இரண்டு நடையாகப் பிரிக்கலாம், முன்கூட்டியே முகாமில் இருப்பு வைக்கலாம், அல்லது விலங்கின்மேல் ஏற்றலாம். பக்கத்துத் தருமபுரியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில்தான் போயின.

விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. வெளிநாட்டு வேட்டைப் பைகள் பல பத்தாயிரம் ரூபாய் என்பது மெய். ஆனால் அவற்றின் உயிர் வளைத்த குழாயும் தடித்த தையலும்தான். மோட்டார் சைக்கிளுக்குக் குழாய்ச் சட்டம் செய்யும் ஓசூருக்குக் குழாய் வளைக்கக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் ஒன்றும், ஷூ, பெல்ட் தைக்கும் கனரக மெஷின் வைத்திருக்கும் தையல்காரர் ஒருவரும் சேர்ந்தால் மாதிரி ஒன்றைச் செய்துபார்க்கலாம். முதுகு நீளத்துக்கேற்பத் தோள்வார் ஏறி இறங்கும்படி அதில் நான்கைந்து துளை விடவேண்டும். மொத்தமாக ஒரே அளவில் வாங்கிக் கொடுக்கும்போது குட்டையானவருக்கும், முதுகு நீளம் குறைந்த பெண் பணியாளருக்கும் பொருந்தாமல் போவது அந்தத் துளைகள் இல்லாததால்தான்.