ஊரோடு பெயர்ந்த ஊர்

இடப்பெயர்வு என்றால் எமக்கு ஷெல்லடியும் ஓட்டமும்தான் நினைவுக்கு வரும். யுத்தம் எதுவுமின்றி, பூமி சூடேறியதால் மட்டும் ஒரு கிராமம் முழுவதுமாக இடம்பெயர்ந்த செய்தியை வாசித்தபோது, சகோதரிகளே, அதை உங்களோடு பகிர நினைத்தேன்.

அந்தக் கிராமம் நியூட்டொக். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், பெரிங் கடலுக்கு அண்மையில், நிங்லிக் ஆற்றங்கரையில் இருந்தது. சுமார் 350 யூப்பிக் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். முன்னர் இவர்கள் மீனுக்கும் வேட்டைக்கும் ஏற்பப் பருவந்தோறும் இடம் மாறி வாழ்ந்தவர்கள். பாடசாலைக்கான கட்டடப் பொருட்களை ஏற்றிவந்த படகு அதற்கப்பால் போக முடியாத இடத்தில் பாடசாலை எழுந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பங்கள் அங்கேயே தங்கின. இடத்தைத் தெரிந்தது மக்களல்ல, படகுதான்!

அங்கே நிலத்தடி மண் வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும். வீடுகளுக்கு அத்திவாரமும் ஆற்றுக்குக் கரையும் அந்த உறைவுதான். ஆர்க்டிக் பிரதேசமோ 1979 இலிருந்து உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறி வருகிறது. மண் இளகியது. கடற்பனி பிந்தி உறைந்ததால் புயல் அலைகளைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. ஆறு வருடத்துக்குச் சராசரியாக 70 அடி நிலத்தை விழுங்கியது. குப்பை கொட்டும் இடமும் அதோடு போனது. மலசலகூடமின்றி வாளி பாவித்த ஊர் அது. வெள்ளம் வந்தால் கழிவும் வீட்டைச் சுற்றி மிதக்கும். கைக்குழந்தைகள் சுவாச நோயால் அடிக்கடி வைத்தியசாலைக்குப் போனார்கள்.

மீன் வெட்டுவதும் உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. அரைவட்டமான கத்தியால் சால்மனைக் கீறித் தொங்கவிடுவார்கள். கோடையில் மழை கூடினால் மீன் காயாமல் பழுதாகிவிடும். கருவாடு போட்டவர்களுக்கு அந்தக் கவலை விளங்கும்.

ஊரவர் தாமே வாக்களித்து, 15 கிலோமீற்றர் அளவில் ஆற்றுக்கு அப்பால், நெல்சன் தீவின் மேட்டுநிலத்தைத் தெரிந்தார்கள். பெயர் மெர்ட்டார்விக், ஊற்றிலிருந்து நீர் எடுக்கும் இடம் என்று பொருள். காணி மாற்றத்துக்கு 2003 இல் சட்டம் வந்தது. பணம்தான் வரவில்லை. புயலும் நிலநடுக்கமும் அனர்த்தம். மெல்ல மெல்லக் கரையும் ஊர் அனர்த்தமாகாதாம்! அனர்த்தப் பிரகடனம் கேட்ட மனு 2017 இல் நிராகரிக்கப்பட்டது. 2018 இல்தான் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது.

2019 ஒக்டோபரில் மூன்றிலொரு பங்கினர் போனார்கள். மற்றவர்கள் போய் முடிய 2024 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து வருடமும் உறவுகள் ஆற்றின் இரு கரையில். எனக்கு அதுவே பெரிய துயரமாகத் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோதும் வீடுகளுக்குக் குழாய்நீர் வந்திருக்கவில்லை. ஆனால் மீன்பிடிக்கும் இடமும் மொழியும் அயலவரும் கூடவே இருந்தனர்.

அயலிலுள்ள கிப்னக், க்விகில்லிங்கொக் கிராமங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2025 ஒக்டோபரில் ஹாலொங் சூறாவளியின் எச்சம் அங்கே வீடுகளை ஆட்களோடு அடித்துச் சென்றது. நூற்றுக்கணக்கானோர் விமானத்தில் ஏற்றப்பட்டு, சுமார் 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் நகரத்தில் இறக்கப்பட்டார்கள்.